‘செல்லாது’ என்று நான் எழுதிய வரி

போன செவ்வாய்க்கிழமை காலை ராமேஸ்வரத்திலிருந்து ஒரு போன். நாங்கள் ரூம் பதிவு புரோகிராம் போட்டுக் கொடுத்த லாட்ஜின் மேனேஜர்.

“தம்பி, ஒங்க புரோகிராம் பண்ணியிருக்கிற வேலையப் பாருங்க. ஒரு பெரியவரு அவுக அப்பாவுக்குத் திதி குடுக்க வந்திருக்காரு. ரூமுக்குப் பதிஞ்சா சீட்டுல என்ன வருது தெரியுமா? அவரு பேரு, ஒரு கோடு, அப்புறம் ‘செல்லாது’!”

“ஐயையோ...” என்றேன்.

“என்ன ஐயையோ? சீட்டக் கையில வச்சுக்கிட்டு நிக்கிறாரு. ‘இம்புட்டுத் தூரம் வந்தும் வாசல்லயே என்னையச் செல்லாதுன்னு எழுதிக் குடுத்துட்டீகளே’ங்கிறாரு. நான் அவருக்கு என்ன பதில் சொல்ல?”

விஷயம் சின்னது. பெரியவர் கொடுத்த போன் நம்பரில், ஊர் எண்ணுக்கும் நம்பருக்கும் நடுவே ஒரு சிறு கோடு. எங்கள் பைத்தான் ஸ்கிரிப்டுக்கு அந்தக் கோடு பிடிக்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் ‘போன் நம்பரில் கோடு வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் போக வேண்டியதுதானே? ஆளையே செல்லாது என்று சொல்லிவிட்டது!

எனக்குச் சுர்ரென்று ஏறியது. என் அலுவலகம் உங்களுக்குத் தெரியும். ராமநாதபுரம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரே அறை, இரண்டு கம்ப்யூட்டர், ஒரு ஃபேன். நானும் ஜெசிந்தாவும். ஜெசிந்தா தினமும் தங்கச்சிமடத்திலிருந்து பாம்பன் பாலம் ஏறி பஸ்ஸில் வருகிறவர். லாட்ஜ் புரோகிராமை எழுதியவர் அவர்தான்.

“எர்ரர் மெசேஜ் எதுக்கு இருக்குன்னு தெரியுமா ஜெசிந்தா? தப்பு எங்கேன்னு காட்டறதுக்கு. எதிர்ல நிக்கிற மனுஷனை அவமானப்படுத்தறதுக்கு இல்ல...” என்று ஆரம்பித்துப் பத்து நிமிடம் பொழிந்தேன். நன்றாகவே பேசினேன். எனக்கே என் பேச்சு பிடித்திருந்தது.

அவர் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு மானிட்டரை என் பக்கம் திருப்பினார்.

“சார், அந்த வரி நான் எழுதுனதில்ல. பழைய ஃபைல் ஒண்ணு குடுத்து, இதை அப்படியே சேத்துக்கங்கன்னு சொன்னீங்கல்ல... அதுல இருந்து வருது. இங்கன பாருங்க, மேல ஒங்க பேரு இருக்கு.”

இருந்தது. என் பெயர். அதற்குக் கீழே ஃபைலின் பெயர் — முறை.

டீ குடித்துவிட்டு வருகிறேன் என்று கீழே இறங்கிவிட்டேன். டீயை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அது ஆறிப்போனது. நான் குடிக்கவில்லை.

இந்தப் பத்தியில் நான் அசடு வழிந்த கதைகளை நிறையச் சொல்லியிருக்கிறேன். சொல்லிச் சிரித்திருக்கிறேன், நீங்களும் சிரித்திருக்கிறீர்கள். ஆனால் அதெல்லாம் சொல்லத் தகுந்த அசடுகள். சொல்லாமல் ஒளித்து வைத்தது ஒன்று உண்டு. இந்த வாரம் அதுதான்.

*

எங்கள் ஊர் சாயல்குடியிலிருந்து உள்ளே போகிற கிராமம். ஒரு கண்மாய், அதை நம்பிக் கொஞ்சம் நெல். மழை ஏமாற்றாத வருஷம் எங்களுக்கு ஞாபகமில்லை. அதனால் கார்த்திகை முடிந்து கண்மாய்த் தண்ணீர் பாதிக்குக் கீழே இறங்கியதும், மடையை எல்லோருக்கும் சேர்த்துத் திறந்துவிட மாட்டார்கள். முறை வைப்பார்கள். யார் வயலுக்கு எந்தக் கிழமை, எத்தனை மணி நேரம் என்று ஒரு பட்டியல். அதன்படி மடையைத் திறந்து தண்ணீர் பாய்ச்சுவதற்கு நீர்பாய்ச்சி என்று ஓர் ஆள். எங்கள் ஊரில் சோணைமுத்து.

பட்டியல் எழுதுகிறவர் என் அய்யா. ஒரு நோட்டு வைத்திருப்பார். வருஷா வருஷம் அதை எழுதி முடிப்பதற்குள் ஊரில் பாதிப் பேர் அவருடன் பேச்சை நிறுத்தியிருப்பார்கள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நான் சென்னையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். கார்த்திகையில் லீவில் ஊருக்கு வந்தவன், அய்யா நோட்டும் கையுமாகத் திண்டாடுவதைப் பார்த்தேன். அப்போது பைத்தான் புதிதாகக் கற்றிருந்தேன். புதிதாகக் கற்றவன் சும்மா இருப்பானா?

“விடுங்கய்யா. ஒரு மணி நேரத்துல முடிச்சுத் தாரேன்.”

முடித்தேன். நிலத்தின் அளவுக்கேற்ப மணியைப் பிரித்து, கிழமைவாரியாக அடுக்கி, வரிசையாக அச்சடிக்கிற ஸ்கிரிப்ட்.

இங்கே கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். கோவில் அர்ச்சனைச் சீட்டில் ‘பெயர்’, ‘நட்சத்திரம்’ என்று போட்டுக் காலி இடம் விட்டிருப்பார்கள் இல்லையா? பைத்தானிலும் அப்படித்தான். ஒரு வாக்கியத்தை எழுதி நடுவே காலி இடம் விடலாம். ஆனால் அந்த இடத்தில் என்ன வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சதவீதக் குறி போட்டு ‘எஸ்’ என்றால் எது வேண்டுமானாலும் வரலாம். ‘டி’ என்றால் முழு எண் மட்டும்தான்.

நிலத்தின் சர்வே எண்ணுக்கு நான் ‘டி’ போட்டேன்.

ஏன் போட்டேன்? சர்வே எண் என்றால் எண்தானே! எங்கள் வயலுக்கு நாற்பத்தேழு. அதை வைத்துத்தான் சோதித்துப் பார்த்தேன். அழகாக வந்தது. ஊரின் பெரிய குடும்பங்களுக்கெல்லாம் அய்யாவின் நோட்டில் இப்படி முழு எண்தான். பிறகு துண்டாக வாங்கியவர்களுக்குத்தான் எண்ணை அடுத்து ஒரு சாய்கோடு, அதன் பிறகு இன்னோர் எண் — நூற்றுப் பன்னிரண்டின் கீழ் மூன்று என்கிற மாதிரி. பிறந்ததிலிருந்து முழு எண்ணையே பார்த்து வளர்ந்தவனுக்குச் சாய்கோடு போட்ட நிலம் என்று ஒன்று இருப்பதே தோன்றவில்லை.

சாய்கோடு வந்த இடத்தில் ஸ்கிரிப்ட் தடுமாறும். அப்படித் தடுமாறினால் என்ன செய்ய வேண்டும் என்றும் நான் எழுதியிருந்தேன். ‘பெயரை அச்சடி, ஒரு கோடு போடு, செல்லாது என்று எழுது, அடுத்த ஆளுக்குப் போ.’ எது செல்லாது, ஏன் செல்லாது? அதெல்லாம் இல்லை. இன்னோர் இடத்தில் ‘தவறு’ என்று எழுதியிருந்தேன். வேறோர் இடத்தில் வெறும் ஆச்சரியக்குறி மூன்று. எனக்குப் புரிந்தால் போதாதா?

அன்று சாயந்திரம் எனக்கு ராமநாதபுரத்தில் ரயில். வந்த பட்டியலைப் பிரித்துக்கூடப் பார்க்காமல் சாயல்குடியில் ஒரு டிடிபி சென்டரில் கொடுத்து நாலு பிரதி எடுத்தேன். கண்மாய்க்கரைப் பிள்ளையார் கோவில் சுவரில் ஒன்றை ஒட்டச் சொல்லிவிட்டு, பஸ் ஏறிவிட்டேன்.

*

மறுநாளே என் பெரியப்பா மகனிடமிருந்து போன்.

“ஏலே, என்னலே எழுதி ஒட்டியிருக்க? நான் செல்லாதவனா? சித்தப்பாகிட்ட வந்து கேக்கவா?”

அவர் அப்போதுதான் பாகம் பிரித்துப் புதுப் பட்டா வாங்கியிருந்தார். சாய்கோடு. அரை மணி நேரத்தில் எங்கள் ஊர் ரைஸ்மில்காரர் போன் செய்தார். அவரும் சாய்கோடு. அவர் ஏலே சொல்லவில்லை, மற்றதெல்லாம் சொன்னார்.

நான் சிரித்தேன். ஆபீஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம் சொல்லி அவரையும் சிரிக்க வைத்தேன். அய்யாவைக் கூப்பிட்டு, “அந்த ரெண்டு பேருக்கும் பேனாவால மணியை எழுதிருங்க” என்றேன். எழுதிவிட்டார்.

வேறு யாருக்காவது இப்படி வந்திருக்கிறதா? அதை நான் கேட்கவில்லை. ஃபைல் என்னிடம்தான் இருந்தது. தேடினால் ஒரு நிமிடம். தேடவில்லை. போன் வந்தது இரண்டு, எனவே தப்பு இரண்டு. அவ்வளவுதான் என் கணக்கு.

தை பிறந்து பொங்கலுக்கு ஊருக்கு வந்தேன். கண்மாய்க்கரையில் நின்று பார்த்தால் வயலெல்லாம் பழுத்து நிற்கிறது. நடுவே ஓர் அரை ஏக்கர் மட்டும் வெளிறிப்போய் நிமிர்ந்து நின்றது. கதிர் இருந்தது, உள்ளே மணி இல்லை.

“அது யாரு வயலு?” என்றேன் சோணைமுத்துவிடம்.

“நம்ம இருளப்பனோடது. சாவியாப் போச்சு.”

“ஏன்?”

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். “அவனுக்குத்தான் மொற இல்லையே தம்பி. ஒங்க பேப்பர்ல செல்லாதுன்னு போட்டிருந்துச்சுல்ல. முன்னமாதிரின்னா நானே பாத்து மடையத் தொறந்துருப்பேன். பேப்பர்ல இல்லாததுக்குத் தொறந்தா நாலு பேரு கேப்பாகல்ல?”

இருளப்பன் எங்கள் வயலில் இருபது வருஷமாகக் கூலிக்கு வருகிறவர். அவரும் அவர் மனைவி பூமயிலும் சிறுகச் சிறுகச் சேர்த்து, அந்த வருஷம்தான் அந்த அரை ஏக்கரை வாங்கியிருந்தார்கள். பூமயில் வெயில் காலமெல்லாம் உப்பளத்துக்குப் போய்க் கால் வெடித்துச் சம்பாதித்தது அதில் பாதி. அவர்கள் சொந்த மண்ணில் போட்ட முதல் நெல் அது.

சின்ன வயதில், வீட்டில் எல்லோரையும் போல, நானும் அவரைப் பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். சென்னைக்குப் போய் நாலு நல்ல விஷயம் கற்ற பிறகு ‘அண்ணே’ என்று மாற்றிக்கொண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு.

அவர் அன்று எங்கே இருந்தார் தெரியுமா? எங்கள் வயலில். அறுத்துக்கொண்டிருந்தார்.

“ஏண்ணே, பட்டியல்ல அப்படி வந்திருக்குன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?”

அவர் அரிவாளைக் கீழே வைத்தார். “கம்ப்யூட்டரு சொல்லுது. அதுக்குத் தெரியாமலா இருக்கும்? பத்திரத்துல ஏதோ வில்லங்கம் போலன்னு நெனச்சேன் தம்பி. போய்க் கேட்டு, தோண்டித் துருவி, உள்ள நெலத்தையும் புடுங்கிட்டாகன்னா?... அதான் வாய மூடிக்கிட்டேன். பூமயிலு போய்க் கேளுன்னு தலபாடா அடிச்சுக்கிட்டா. நாந்தேன் போகல.”

அந்த இடத்தில் நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும். எனக்கும் தெரியும். ‘தப்பு என்னுடையது. உங்கள் பத்திரத்தில் ஒரு குறையும் இல்லை.’ ஏழே வார்த்தை.

நான் சொன்னது: “கம்ப்யூட்டர்ல ஏதோ கோளாறு ஆயிடுச்சுண்ணே. அடுத்த வருஷம் சரியாயிடும்.”

“மெசினுதான தம்பி, அதுக்கு என்ன தெரியும்” என்று அவர் என்னைத் தேற்றினார்!

அன்று மாலை வழக்கமான பொங்கல் வேட்டி சேலையோடு ஒரு மூட்டை நெல்லையும் அவர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினேன். மறுநாள் வந்து நன்றி சொன்னார். அந்த நன்றியை நான் வாங்கிக்கொண்டேன்.

அடுத்த வருஷத்துப் பட்டியலுக்கு ஸ்கிரிப்டில் ஒரே ஓர் எழுத்தை மாற்றினேன். ‘டி’ போய் ‘எஸ்’. சாய்கோடெல்லாம் சரியாக வந்தது. இருளப்பனுக்கு வியாழக்கிழமை இரண்டு மணி நேரம். ‘செல்லாது’ வரியை அப்படியே விட்டுவிட்டேன். இனிதான் தப்பே வராதே? பிறகு சென்னையை விட்டு வந்து கடை போட்டபோது, அந்த ஃபைலையும் மற்றதோடு சேர்த்து ஜெசிந்தாவிடம் கொடுத்தேன். அது பாம்பன் பாலத்தைத் தாண்டி, திதி கொடுக்க வந்த மனுஷனின் கைக்குப் போய்ச் சேர்ந்தது.

*

டீக்கடையிலிருந்து திரும்பி வந்தபோது, ஜெசிந்தா எங்கள் எல்லா ஸ்கிரிப்டிலும் உள்ள எர்ரர் மெசேஜ்களை ஒரு தாளில் எழுதி வைத்திருந்தார். ஓர் இடத்தில் பெயர் முன்னால், ஓர் இடத்தில் பின்னால். ஓர் இடத்தில் ‘பிழை’, ஓர் இடத்தில் ‘மன்னிக்கவும்’, ஓர் இடத்தில் வெறும் எண். ஒரே ஆள் எழுதியது மாதிரியே இல்லை. அத்தனையும் நான் எழுதியது.

“மொத்தத்தையும் ஒரே மாதிரி ஆக்கிருவோம் சார். எங்க அண்ணன் போட்டுல போகுதுல்ல... கடல்ல நின்னுக்கிட்டு வாக்கி டாக்கில ‘எஞ்சின் போச்சு’ன்னு மட்டும் சொன்னா யாரு வருவா? எந்தப் போட்டு, எங்கன நிக்கிது, என்ன வேணும். இந்த மூணையும் இதே வரிசையிலதான் சொல்லணும். எந்தப் போட்டுக்காரரும் மாத்திச் சொல்ல மாட்டாக.”

மூன்று நாள் உட்கார்ந்து அதைத்தான் செய்தோம். எந்த ஸ்கிரிப்டாக இருந்தாலும் ஒரே அச்சு. எந்த வரியில், எதில் சிக்கல், என்ன செய்ய வேண்டும். ஆளின் பெயர் வந்தால், அதை ஒட்டி அவரைக் குறை சொல்லும் வார்த்தை வரக் கூடாது. லாட்ஜ் சீட்டில் இப்போது ‘போன் நம்பரில் கோடு உள்ளது. எண்களை மட்டும் பதியவும்’ என்று வருகிறது. மேனேஜரிடம் மன்னிப்புக் கேட்டேன். பெரியவர் அன்றே ஊருக்குப் போய்விட்டார் என்றார்.

பெரியவரைப் பிடிக்க முடியாது. இருளப்பன் எங்கே போய்விடப் போகிறார்?

ஞாயிற்றுக்கிழமை ஊருக்குப் போனேன். ஜெசிந்தா சொன்ன வரிசையிலேயே சொன்னேன். எந்தப் பட்டியல், அதில் எந்த எண், என்ன தப்பு. அதைச் செய்தது நான், கம்ப்யூட்டர் அல்ல. அவர் பத்திரத்தில் எந்த வில்லங்கமும் எப்போதும் இருந்ததில்லை.

இருளப்பன் தோளில் கிடந்த துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார்.

“அப்ப... அன்னைக்கு நீங்க கோளாறுன்னு சொன்னது நெசமா?” என்றார். “பத்திரம் சரியில்லங்கிறத தம்பி நாசூக்கா மறைக்கிறீகன்னு நெனச்சேன். மறு வருசம் தண்ணி வரவும், அய்யா மனசு வச்சு விட்டுருக்காகன்னு நெனச்சேன்.”

எனக்கு அப்போதுதான் உறைத்தது. தண்ணீர் வந்த பிறகு, போன மாசியில் எங்கள் மாட்டுக்கொட்டகைக்குக் கூரை போட்டபோது, மூன்று நாள் கூலி வாங்காமல் வந்து நின்றார் அவர். ‘இருக்கட்டும்’ என்றாராம். எவ்வளவு விசுவாசம் பார் என்று வீட்டில் பேசிக்கொண்டோம். அவருக்கு உரிய தண்ணீரை அவருக்கே கொடுத்துவிட்டு, அதற்கு மூன்று நாள் உழைப்பையும் வாங்கியிருக்கிறோம்!

“இத அவகிட்டச் சொல்லிருங்க தம்பி. கேக்கத் துப்பில்லாத ஆளுன்னு ஒன்றர வருசமா என் மூஞ்சிக்கு நேரா சோறு வைக்க மாட்டேங்கிறா.”

பூமயில் உப்பளத்தில் இருந்தார். உச்சி வெயில். தலையில் துண்டு, கையில் உப்பு வாருகிற பலகை. நான் வரப்பில் நின்று மறுபடி முதலிலிருந்து சொன்னேன். அவர் பலகையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டிருந்தார். நான் முடித்ததும் நிறுத்தினார்.

“ஒங்க வீட்டுத் தயவுலதான் எங்களுக்குத் தண்ணி வருதுன்னு ஊரே சொல்லுது. தயவா அது?”

“இல்லக்கா. உங்க உரிமை.”

“அத இங்க வந்து, உப்புக்கிட்டச் சொன்னா என்ன ஆகும்? செல்லாதுன்னு எங்கன ஒட்டுனீக?”

“பிள்ளையார் கோவில் செவுத்துல.”

“அங்கனயே ஒட்டுங்க.” பலகையை எடுத்துக்கொண்டார். “பேரு போட்டு ஒட்டுங்க. ஒங்க பேரு.”

அதே டிடிபி சென்டருக்குப் போனேன். இந்தத் தடவை உட்கார்ந்து, வந்த தாளைப் படித்துப் பார்த்தேன்.

‘சர்வே எண் 112/3, இருளப்பன் – பூமயில், ஐம்பது சென்ட். இந்த நிலத்தின் பத்திரம் சரியானது. முறைத்தண்ணீர் இதற்கு எப்போதும் உண்டு. முன்பு செல்லாது என்று அச்சானது பட்டியல் போட்டவனின் தவறு. சந்தேகம் இருந்தால் அவனைக் கேட்கவும்.’ கீழே என் பெயர், என் அய்யா பெயர், என் போன் நம்பர்.

அய்யா அதைப் படித்துவிட்டு இரண்டு நாளாக என்னோடு பேசவில்லை. ஊர் பார்க்கிற சுவரில் அவர் பெயரும் சேர்ந்து வந்துவிட்டதில் அவருக்கு வருத்தம். இருக்கட்டும், அவர் பட்டியலைக் கெடுத்தவனும் நான்தானே. இத்தனை வருஷம் புரோகிராம் எழுதுகிறேன். நான் எழுதியதில் ஒழுங்கான எர்ரர் மெசேஜ் என்றால் அந்தத் தாள் ஒன்றுதான்.

சாயந்திரம் உப்பளம் விட்டு நேராகக் கோவிலுக்கு வந்தார் பூமயில். அவருக்கு எழுத்து தெரியாது. கரையில் இருந்த நாலு பேரும் கேட்கிற மாதிரி, சோணைமுத்துவைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார் — என் பெயர் வந்த இடத்தை மட்டும் இரண்டு தடவை.